அர்கா சஹான் சீத்தா: எந்தக் கன்று, எந்த வேர்?

சீத்தாப்பழத்தில் சுளையைவிடக் கொட்டைதான் அதிகம் என்று அலுத்துக்கொள்பவர்கள் அர்கா சஹானைத் தேடி வருகிறார்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ரகம் இது. 'ஐலண்ட் ஜெம்' என்ற அட்டிமோயாவையும் 'மம்மோத்' சீத்தாவையும் சேர்த்து உருவாக்கினார்கள். அட்டிமோயாவே ஒரு கலப்புதான். ஆண்டிஸ் மலையின் செரிமோயாவுக்கும் சீத்தாவுக்கும் பிறந்தது. அர்கா சஹானில் கொட்டை குறைவு, சதை அதிகம். தித்திப்பு சிலருக்குத் திகட்டும் அளவு.

கொட்டையை ஊன்றி வளர்க்கலாமே என்று தோன்றும். முளைக்கும், காய்க்கவும் காய்க்கும். ஆனால் கலப்பின விதையில் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. குச்சி நட்டாலும் பதியன் போட்டாலும் சீத்தா இனம் லேசில் வேர் விடாது. ஆகவே ஒட்டுக்கன்றுதான்.

எதன்மேல் ஒட்டுவது? மானாவாரி, கல் நிலம் என்றால் நாட்டுச் சீத்தா வேர்ச்செடி போதும், அதை முளைக்கவைக்கக் கொட்டைக்கும் பஞ்சமில்லை. தண்ணீர் வசதி இருந்து, மரம் ஓங்கி வளர வேண்டுமானால் ராம்சீத்தா. இரண்டுக்குமே தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அப்படிப்பட்ட வயலில் வேர்ச்செடியைத் தேடி அலைவதைவிட மேட்டுப்பாத்தி போடுவது மேல்.

நீங்களே ஒட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். சீத்தாவின் மொட்டு இலைக்காம்பின் அடிக்குள் ஒளிந்திருக்கும். குச்சி வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பை விட்டுவிட்டு நறுக்கிவிடுங்கள். காம்பு தானே உதிர்ந்து மொட்டு உப்பி நிற்கும். அந்தக் குச்சியை ஆப்பு போலச் சீவி, அதே பருமனுள்ள வேர்ச்செடியின் பிளவில் செருகி, பட்டையோடு பட்டை பொருந்தப் பாலித்தீன் நாடாவால் கட்டுங்கள். கன்றை விலைக்கு வாங்குவோர் ஒட்டுத் தழும்பைப் பார்த்து வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. கண்டதும் கிள்ளி எறியுங்கள்.

இனிதான் உண்மையான கேள்வி: காய் பிடிக்குமா? சீத்தாப் பூவில் பெண்பாகம் முதலில் பக்குவமாகும். மகரந்தம் பிறகுதான் உதிரும். அதனால் தானாகச் சூல் பிடிப்பது குறைவு. அர்கா சஹானில் நல்ல காய்ப்பு வேண்டுமானால் கைச்சேர்க்கை அவசியம். பாலாநகர் என்ற சீத்தா ரகத்தின் நன்றாக விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தைத் தட்டிச் சேர்த்து, காலையில் பாதி விரிந்த அர்கா சஹான் பூவுக்குள் மெல்லிய தூரிகையால் தடவ வேண்டும். சேர்க்கை அரைகுறையானால் காய் கோணும்.

பத்துப் பதினைந்து மரம் வைத்திருக்கும் வீட்டுத் தோட்டக்காரருக்கு இது காலை வேளைப் பொழுதுபோக்கு. ஏக்கர் கணக்கில் நடுபவருக்கோ பூக்கும் காலம் முழுக்கக் கூலிச் செலவு. ஆளும் பொறுமையும் இருந்தால் அர்கா சஹானை நடுங்கள், மகரந்தத்துக்குப் பக்கத்திலேயே சில பாலாநகரும் வையுங்கள். இல்லையென்றால் தோட்டம் முழுவதும் பாலாநகரே போதும்.