வாள்வீரருக்கு எந்த மாயப்பொருள்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மதுரை வீரனைப் போல வாளேந்தி முன்னால் நிற்கும் பாத்திரத்தை எடுப்பவர்கள், மாயப்பொருள் என்றதும் இன்னும் வலுவான வாளையே கேட்கிறார்கள். ஆனால், இருக்கும் பலத்தைக் கூட்டுவதைவிட இல்லாததை ஈடுகட்டுவதே லாபம். +1 வாள் இருபது முகப் பகடையில் ஓர் எண்ணைத்தான் கூட்டும். சராசரியாக இருபது வீச்சில் ஒன்றுதான் அதனால் தவறாமல் படும். தலைக்கு மேலே பறக்கும் டிராகனை அந்த வாளும் எட்டாது. சிறகுக் காலணி இருந்தால் நான்கு மணி நேரம் வரை பறந்தே சண்டையிடலாம். வலிமையை 19 ஆக்கும் ஓகர் கையுறையும் அப்படித்தான்: வலிமை குறைந்தவருக்கு வரம், ஏற்கெனவே 20 வைத்திருப்பவருக்கு வீண்.

சாதாரண ஆயுதம் பட்டால் பாதிச் சேதமே அடையும் எதிரிகள் 2014 விதிநூலில் ஏராளம், மாய வாள் இல்லாமல் எப்படி என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்கு எளிய மாய ஆயுதம் ஒன்றே போதும். +1 வாளுக்கு ‘இணைப்பு’ என்ற பிணைப்பும் தேவையில்லை. காலணிக்கும் கையுறைக்கும் அது தேவை. ஒருவருக்கு மூன்று இணைப்புகளே உண்டு. எனவே ஒவ்வொரு பொருளையும் எடுக்குமுன், போன சண்டையில் உங்கள் வீரர் எதைச் செய்ய முடியாமல் நின்றார் என்று பாருங்கள். அதைத் தீர்ப்பதையே கேளுங்கள்.