அவர் யார்? ஆங்கிலப் பிரதிப்பெயர்களும் எமது விண்ணப்பங்களும்



கணவனை இழந்த தாயொருவர் கிணறு திருத்துவதற்கு உதவி கேட்டு வெளிநாட்டு உதவி நிறுவனமொன்றுக்கு விண்ணப்பம் அனுப்ப விரும்பினார். உயர்தர வகுப்பில் படிக்கும் மகன் அதை ஆங்கிலத்தில் எழுதினான். ‘மை மதர் இஸ் எ விடோ. ஹீ ஹாஸ் ரூ ஏக்கர்ஸ்’ என்பது அதில் ஒரு பகுதி. ‘எனது தாய் ஒரு விதவை. அவருக்கு இரண்டு ஏக்கர் உண்டு’ என்பதே அவன் சொல்ல நினைத்தது. நாமும் அதை வாசித்துவிட்டே அனுப்பினோம். எமது கண்ணுக்கும் பிழை தெரியவில்லை.

பதில் வந்தது. காணி யாருடைய பெயரில் உள்ளது, அந்த ஆண் யார், அவருடைய சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். தாயின் காணிக்கு இல்லாத ஓர் ஆண் உரிமையாளனாகிவிட்டான். விளக்கம் எழுதி, மறுபதில் வருவதற்குள் ஒரு போகம் போய்விட்டது. ஒரேயொரு சொல்லால் வந்த வினை இது. ஆகவே இப்பாடத்தில் அந்தச் சொல்லையும் அதன் உறவுகளையும் படிப்போம்.

ஒரு விடயத்தை முதலில் கூறிவிட வேண்டும். அரச அலுவலகங்களுக்கு எழுத ஆங்கிலம் கட்டாயம் அன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி. எனவே பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் செய்யும் அலுவல்களுக்கும் ஆங்கிலம் தேவைப்படுகிறது. அங்கே பிழையின்றி எழுதுவது நல்லது.

பிரதிப்பெயர் என்றால் என்ன?

ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் அதற்குப் பதிலாக வைக்கும் சொல் பிரதிப்பெயர். தமிழில் நான், நீர், அவர், அது என்பன போல. ஆங்கிலத்தில் இவை வசனத்தில் நிற்கும் இடத்துக்கு ஏற்ப உருவம் மாறும். பின்வரும் வரிசையை உரத்து வாசித்து மனனம் செய்யுங்கள். முதற்சொல் செய்பவரைக் குறிக்கும் (நான்). இரண்டாவது, செயலை ஏற்பவரைக் குறிக்கும் (என்னை, எனக்கு). மூன்றாவது, பொருளின் பெயருக்கு முன்னால் வரும் (எனது காணி). நான்காவது தனித்து நிற்கும் (என்னுடையது).

நான்: ஐ, மீ, மை, மைன்
நாம், நாங்கள்: வீ, அஸ், அவர், அவர்ஸ்
நீ, நீர், நீங்கள்: யூ, யூ, யுவர், யுவர்ஸ்
ஆண் ஒருவர்: ஹீ, ஹிம், ஹிஸ், ஹிஸ்
பெண் ஒருவர்: ஷீ, ஹெர், ஹெர், ஹெர்ஸ்
பலர் அல்லது பல பொருட்கள்: தே, தெம், தெயார், தெயார்ஸ்

அஃறிணைப் பொருள் ஒன்றுக்கு ‘இற்’ என்பது செய்பவராகவும் ஏற்பவராகவும் வரும். ‘அதனுடைய’ என்பதற்கு ‘இற்ஸ்’.

‘திஸ் இஸ் மை லாண்ட்’ என்றால் ‘இது எனது காணி’. ‘திஸ் லாண்ட் இஸ் மைன்’ என்றால் ‘இந்தக் காணி என்னுடையது’. ‘திஸ் லாண்ட் இஸ் மை’ என்று நிறுத்தினால் வசனம் நொண்டும்.

இரண்டாம் வரிசையில் உள்ள ‘அவர்’ என்ற ஒலியைக் கவனியுங்கள். அது எமது தமிழ் அவர் அன்று. ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘எங்கள்’.

நாம் தடுக்கி விழும் இடங்கள்

1. ஆணா பெண்ணா? தமிழில் தாயும் அவர், தந்தையும் அவர். மரியாதை ஒன்று, சொல்லும் ஒன்று. ஆங்கிலத்தில் ஆணுக்கு ஹீ, பெண்ணுக்கு ஷீ. அந்த மகன் தவறியது இங்கேதான். தாய், சகோதரி, மனைவி, அருட்சகோதரி பற்றி எழுதிய வசனங்களை முடிவில் ஒருமுறை தனியாக வாசித்து, ஷீ, ஹெர் என்று வந்துள்ளதா எனப் பாருங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. அவர்களது உடைமை அவர்களது பெயரிலேயே தெரியவேண்டும்.

2. மரியாதைக்குப் பன்மை இல்லை. நாம் பெரியவரை ‘அவர்கள் வந்தார்கள்’ என்போம். அதை நினைத்து ஒரு குருவானவரைப் பற்றி ‘தே கேம்’ என்று எழுதினால் பலர் வந்ததாகிவிடும். ஒருவர் என்றால் ‘ஹீ கேம்’. ஹீ என்பது ‘அவன்’ அன்று, யூ என்பது ‘நீ’யும் அன்று. அதிகாரிக்கு யூ என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். மரியாதையை ‘சேர்’, ‘மடம்’, ‘பிளீஸ்’ என்னும் சொற்கள் காட்டும்.

3. நாமா நாங்களா? கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். இந்த நுட்பம் ஆங்கிலத்தில் இல்லை. இரண்டுக்கும் வீ மட்டுமே. ‘வீ நீட் சீட் பாடி’, அதாவது ‘எங்களுக்கு விதைநெல் தேவை’ என்று எழுதினால், ஒரு குடும்பமா, ஒரு கிராமமா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. முதல் தடவை ‘வீ, த ட்வெல்வ் பமிலீஸ்’ என்று எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு வீ என்று மட்டும் தொடரலாம்.

4. எந்த அவர்? ‘மை பாதர் அண்ட் மை அங்கிள் ஹாட் லாண்ட். ஹீ லொஸ்ற் ஹிஸ் டீட்’ என்பதன் பொருள் ‘எனது தந்தைக்கும் மாமாவுக்கும் காணி இருந்தது. அவர் தமது உறுதியைத் தொலைத்தார்’. தொலைத்தவர் யார்? தந்தையா, மாமாவா? முன்னால் இரண்டு ஆண்கள் நின்றால் ஹீ என்பது எவரையும் திடமாகச் சுட்டாது. அங்கே பெயரையே மீண்டும் எழுதுங்கள். எமது நொத்தாரிசுமார் உறுதியில் ‘மேற்சொன்ன இன்னார்’ என்று அலுக்காமல் எழுதுவதன் காரணம் இதுவே. காணி விடயத்தில் சுருக்கம் ஆபத்து.

5. நானும் மனைவியும். ஆங்கில வழக்கில் தன்னைக் கடைசியில் சொல்வது பண்பு: ‘மை வைவ் அண்ட் ஐ’. ஆனால் ஏற்பவர் இடத்தில் ஐ வராது. ‘பிளீஸ் ஹெல்ப் மை வைவ் அண்ட் மீ’ என்பதே சரி. சந்தேகம் வந்தால் மனைவியை ஒரு கணம் நீக்கிப் பாருங்கள். ‘ஹெல்ப் ஐ’ என்று எவரும் சொல்லமாட்டார். இன்னொன்று: ஐ என்னும் சொல்லை வசனத்தின் எந்த இடத்திலும் பெரிய எழுத்திலேயே எழுத வேண்டும்.

ஏனைய வகைகள்

தற்சுட்டுப் பெயர்கள்: மைசெல்ப், ஹிம்செல்ப், ஹெர்செல்ப், தெம்செல்வ்ஸ். ‘ஷீ பில்ற் த ஹவுஸ் ஹெர்செல்ப்’ என்றால் வீட்டை அவரே கட்டினார்.

சுட்டுப் பெயர்கள்: அருகில் ஒன்று திஸ், பல தீஸ். தொலைவில் ஒன்று தற், பல தோஸ்.

வினாப் பெயர்கள்: ஹூ என்றால் யார், ஹூஸ் என்றால் யாருடையது, விச் என்றால் எது. இவற்றுள் ஹூ, விச் இரண்டும் வசனங்களை இணைக்கவும் உதவும். ஆட்களுக்கு ஹூ, பொருட்களுக்கு விச்.

பொதுப் பெயர்கள்: எவ்ரிபடி, சம்படி, நோபடி. எவ்ரிபடி என்றால் எல்லோரும். பொருள் பன்மை, ஆனால் வினை ஒருமை. ‘எவ்ரிபடி இஸ் ஹியர்’ என்பது சரி, ‘ஆர்’ பிழை.

சட்டத்தின் ‘ஹீ’

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய சட்டங்களில் எங்கும் ஹீ, ஹிஸ் என்றே காணப்படும். அதைக் கண்டு பெண்கள் பின்வாங்க வேண்டியதில்லை. 1901 ஆம் ஆண்டின் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும். ஆனால் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பிரதிப்பெயர் மட்டுமல்ல, அனுமதிப்பத்திரக் காணியின் வாரிசு வரிசையே ஆண்களை முன்வைத்திருந்தது. அந்த வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 ஆம் ஆண்டிலேயே வந்தது. படிவங்களில் ‘ஹிஸ்’, ‘ஹெர்’ இரண்டும் அச்சிடப்பட்டிருந்தால் பொருந்தாததை வெட்டிவிட மறவாதீர்கள்.

பயிற்சி

சரியான சொல்லைத் தெரிந்து எழுதுக.

1. மை சிஸ்ரர் லொஸ்ற் ...... கவ். ஹிஸ், ஹெர்: எது?
2. பிளீஸ் கிவ் த போம் ரு ...... ஐ, மீ: எது?
3. திஸ் வெல் இஸ் ...... அவர், அவர்ஸ்: எது?
4. எவ்ரிபடி ...... எ கார்ட். ஹாஸ், ஹாவ்: எது?
5. த பார்மர் ...... கேம் இஸ் மை அங்கிள். ஹூ, விச்: எது?

விடைகள்: 1. ஹெர் 2. மீ 3. அவர்ஸ் 4. ஹாஸ் 5. ஹூ

வீட்டிலே பிள்ளை விடை சொல்லட்டும், பெற்றோர் சரிபார்க்கட்டும். பிள்ளை எழுதும் ஆங்கிலக் கடிதத்தை, ஆங்கிலம் தெரியாத தாயும் சோதிக்கலாம். ஒவ்வொரு ஹீயிலும் விரலை வைத்து, ‘இது யார்?’ என்று கேளுங்கள். பிள்ளை உடனே பதில் சொன்னால் வசனம் சரி. தயங்கினால் அங்கே பெயரை எழுதச் சொல்லுங்கள்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் ‘நான்’, ‘என்’ என்னும் சொற்களே இல்லை. எல்லாம் ‘எங்கள்’ என்றே வரும். செபத்தில் ‘எங்கள்’ என்று சேர்ந்து நிற்போம். விண்ணப்பத்திலோ, எது என்னுடையது, எது அவளுடையது, எது எங்கள் எல்லோருடையது என்பதைத் தெளிவாக எழுதுவோம். இழந்ததைக் கேட்பவருடைய பெயர் கடிதத்தினுள்ளே தொலைந்துபோக விடக்கூடாது.