ஒட்டகப் பாலுக்கு வெளிநாட்டில் வழி உண்டா?

கேள்வி: அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறிய சோமாலியர்களுக்கு ஒட்டகப் பால் பண்ணை கைகொடுக்குமா? (வாசகர், மதுரை)

பதில்: கைகொடுக்கும், ஆனால் அவசரப்படுபவர்களுக்கு அல்ல. உலகிலேயே ஒட்டகங்கள் அதிகமுள்ள நாடுகளில் ஒன்று சோமாலியா. 1991-இல் வெடித்த உள்நாட்டுப் போரில் சிதறியவர்களில் பெருந்தொகையினர் மினியாபொலிஸ், லண்டன், நைரோபி நகரங்களில் வாழ்கிறார்கள். சிறுவயதிலிருந்து குடித்த பாலின் ருசியை அவர்கள் மறக்கவில்லை. ஆகவே வாங்க ஆள் தயார்.

தொழில் நுணுக்கமும் அவர்கள் கையில் இருக்கிறது. கன்று முட்டினால்தான் ஒட்டகம் பாலை இறக்கும். அதுவும் சில நிமிடங்களே. கறப்பவர் ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய முழங்கால்மேல் பாத்திரத்தை வைத்து, அந்தச் சில நிமிடங்களுக்குள் மளமளவென்று கறந்துவிட வேண்டும். பரம்பரையாக வந்த இந்தக் கைப்பழக்கம் பெரிய சொத்து.

சிக்கல் முதலீட்டில்தான்; போட்ட பணம் மெதுவாகவே திரும்பும். ஒட்டகத்தின் சினைக்காலம் சுமார் 13 மாதம். இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்று. பாலும் கறவை மாட்டைவிடக் குறைவு. பிற நாட்டு ஒட்டகங்களை அமெரிக்காவுக்குள் கொண்டுவர நோய்த்தடுப்பு விதிகள் கடுமை.

நல்ல முன்மாதிரி கென்யா. இசியோலோ வட்டாரத்துப் பாலைச் சோமாலியப் பெண்கள் திரட்டிப் பேருந்தில் நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதிக்கு அனுப்புகிறார்கள். கூட்டாகச் சேர்ந்ததே அவர்கள் பலம். தொடங்க நினைப்பவர்கள் தனியாக இறங்காமல், பத்துக் குடும்பங்களாகச் சேர்ந்து இறங்கட்டும். நோய் தீர்க்கும் மருந்தென்று விற்காமல், நல்ல பாலாகவே விற்கட்டும்.