ஃபெயிலான பிரிண்ட்டை மறுபடி ஃபிலமென்ட் ஆக்கலாமா?

த்ரீடி பிரிண்டர் பக்கத்துல இருக்கிற குப்பைத்தொட்டியை ஒருதடவை எட்டிப் பாருங்க. சப்போர்ட், பாதியில் நின்ற பிரிண்ட், பெரும்பாலும் பிஎல்ஏதான். அதைத் தூளாக்கி, உலர்த்தி, எக்ஸ்ட்ரூடரில் உருக்கி இழுத்தால் மறுபடி ஃபிலமென்ட் கிடைக்கும். உலர்த்தறதை மட்டும் விட்டுடாதீங்க. ஈரத்தோடு உருக்கினால் பாலிமர் சங்கிலிகள் அறுந்து, பிரிண்ட் சுலபமா நொறுங்கிடும்.

அடுத்த சிக்கல் விட்டம். இழை 1.75 மி.மீ. என்று நம்பித்தான் பிரிண்டர் தள்ளும். உங்க இழை 1.65 மி.மீ. இருந்தால்? பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: (1.65/1.75)² = 0.89. அதாவது பிளாஸ்டிக் 11% குறைவா வரும், லேயர் சரியா ஒட்டாது. அதனால பல இடங்களில் வெர்னியரால் அளந்து, சராசரியை ஸ்லைசரில் போடுங்க. அளவு இடத்துக்கு இடம் மாறினால் சராசரி உதவாது; இழுக்கும் வேகத்தைச் சீராக்கணும்.

பிஎல்ஏவோடு ஏபிஎஸ் கலந்தால் இரண்டும் ஒன்றாச் சேராது, இழை பலவீனமாகும். அதனால மெஷின் வாங்குவதற்கு முன்னாடியே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு: பிஎல்ஏவுக்குத் தனித் தொட்டி வைங்க.