நோயாளியின் தமிழும் கேஸ் ஷீட்டும்: ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் போனுக்கு ஓய்வே இருக்காது. "அக்கா, மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸ் நல்லதா?" என்று சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த கோர்ஸ்? 'மருத்துவ உதவியாளர்' என்று பேனரில் போட்டிருந்தால் அது ஆறு மாத நர்சிங் உதவியாளர் பயிற்சியாகவும் இருக்கலாம், லேப் டிப்ளமோவாகவும் இருக்கலாம். நான் இங்கே சொல்வது பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் பட்டப்படிப்பை. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியிடம் விவரம் கேட்டு, பரிசோதித்து, கேஸ் ஷீட் எழுதி, ரவுண்ட்ஸில் எடுத்துச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரி வரைக்கும் தயார் செய்கிற வேலை இது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ல், கடற்படையில் மருத்துவ உதவி பழகிய நான்கு பேரை வைத்து இந்தப் படிப்பு ஆரம்பித்தது. இந்தியாவுக்கு 1992-ல் வந்தது. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் தொடங்கிவைத்தார்.

சேருவதற்கு முன் இரண்டே சோதனை. அந்தக் கல்லூரிக்கு, இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பட்டியலிலேயே பாருங்கள். ஆபீஸில் இருப்பவர் வாயால் சொல்வது கணக்கில்லை. அடுத்து, ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் போய் நில்லுங்கள். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தால் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள். நோயாளி இல்லாத இடத்தில் இந்தப் படிப்பைப் படிக்கவே முடியாது. ஏசி வகுப்பறையைக் காட்டி மயக்குவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

அரசு ஒதுக்கீட்டுக்கு நீட் தேவைப்பட்டதில்லை; இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் கவுன்சலிங். நான் படித்தபோது மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். உங்கள் ஆண்டுக்கான கணக்கைத் தகவல் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் அனாட்டமி பயமுறுத்தும், குறிப்பாகத் தமிழ் வழியில் படித்து வந்தவர்களை. அகராதியை மனப்பாடம் செய்யாதீர்கள், வாலைப் பிடியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'ஆட்டமி' என்றால் கீறித் திறப்பது, 'ஆஸ்டமி' என்றால் வெளியே ஒரு வாய் வைப்பது. இப்படி அறுபது வால்களும் தலைகளும் தெரிந்தால் பாதிப் புத்தகம் தானாகப் புரியும். நோட்டில் தமிழில் எழுதிப் படிப்பதில் தவறே இல்லை, ஒரு எச்சரிக்கையோடு. 'இலியம்' என்று தமிழில் எழுதினால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியும்தான், இடுப்பெலும்பும்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே 'இ' வந்தால் குடல், 'ஐ' வந்தால் எலும்பு. பரீட்சைத்தாளில் குடலை முறித்து எலும்பைச் செரிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் எல்லாரும் தாண்டிவிடுகிற வேலிதான். விழுவது எங்கே என்றால், முதல் வார்டு போஸ்டிங்கில், நோயாளியிடம் விவரம் கேட்கும்போது. தமிழ் நமக்குத் தெரியாதா என்று நினைத்துத்தான் எல்லாரும் விழுகிறார்கள். நோயாளி தமிழில் சொல்கிறார், நாம் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். நடுவில் நோயே மாறிவிடுகிறது.

போன வருஷம் என்னோடு இருந்த இன்டர்ன் பெண் ஒருத்தி, ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு 'மூச்சுத்திணறல், இரண்டு நாள்' என்று எழுதிக் கொண்டுவந்தாள். ஆள் கட்டிலில் உட்கார்ந்து நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்னார்?"

"மூச்சுப்பிடிப்புன்னு சொன்னாருக்கா."

மூச்சுப்பிடிப்பு என்றால் மூச்சு இழுக்கும்போது முதுகிலோ விலாவிலோ சுருக்கென்று பிடிப்பது. சிமென்ட் மூட்டை தூக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதைவிட மோசமானது 'மயக்கம்'. "மயக்கமா வருது கண்ணு" என்று ஒரு பாட்டி சொன்னால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள். வீடு சுத்துதா? கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? நினைவு தப்பி விழுந்தீங்களா? விழுந்ததைப் பார்த்தவங்க யாரு? இந்த நான்கையும் கேட்காமல் ஆங்கில வார்த்தை எழுதக் கூடாது. சுற்றினால் காதுப் பக்கம் யோசிப்பார்கள். நினைவு தப்பி விழுந்திருந்தால் முதலில் ஈ.சி.ஜி. 'கேஸ்' என்ற சொல்லும் அப்படித்தான். மாரடைப்போடு வந்தவர் "கேஸ் பிடிச்சிருக்கு, சோடா குடிச்சும் போகல" என்று சொல்வதை எங்கள் வார்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆகவே என் சட்டம்: முதல் வரியில் நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுது, எத்தனை நாள் என்று எழுது, மருத்துவப் பெயரை அதற்கு அடுத்த வரியில் வை. ரவுண்ட்ஸில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நாள் கணக்கும் சுலபமாகக் கிடைக்காது. "ஆடி கடைசில ஆரம்பிச்சுது" என்பார்கள். காலண்டரைப் பார்த்து நாளாக மாற்றி எழுத வேண்டியது உங்கள் வேலை. "சுகர், பிரஷர் இருக்கா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். மாத்திரையில் சுகர் இறங்கியிருந்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "தினமும் ஏதாவது மாத்திரை போடுறீங்களா? எப்ப நிறுத்துனீங்க?" என்று கேளுங்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு மஞ்சப்பை இருக்கும். அதை வாங்கிப் பிரித்தால் மூன்று ஆஸ்பத்திரிச் சீட்டும் பாதி தீர்ந்த அட்டைகளும் கிடைக்கும். பல நேரம் முழு வரலாறும் அதற்குள்தான். பெண்களிடம் மாதவிலக்குத் தேதியைக் கேட்கும்போது கூட வந்த ஆண்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சுங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்.

பீடி பிடிப்பாரா என்பது கேள்வியே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எத்தனை வருஷமாக?

ரத்த அழுத்தம் பார்க்க இயந்திரம் இருக்கிறது என்று கையால் பார்ப்பதைக் கற்காமல் விடுகிறார்கள். கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, சட்டைக்கு மேல் கட்டாமல், கை இதய மட்டத்தில் இருக்க, பேச விடாமல் பாருங்கள். மணிக்கட்டு நாடி மறைந்த இடத்திலிருந்து இன்னும் 30 ஏற்றி, வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் இறக்க வேண்டும். சரசரவென்று இறக்கினால் மேல் அளவு குறைவாகக் காட்டும், அவ்வளவு அவசரம் எதற்கு?

இன்டர்ன்ஷிப்பில் எல்லாப் பிரிவுக்கும் சுற்றுங்கள், ஒரே டாக்டரின் நிழலில் ஒதுங்காதீர்கள். நோயாளிகள் "டாக்டரம்மா" என்று கூப்பிடுவார்கள். முதல் தடவையே திருத்திவிடுங்கள். மருந்துச் சீட்டு டாக்டர் கையெழுத்தில்தான் போக வேண்டும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு குறிப்பின் கீழும் தேதி, மணி, உங்கள் பெயர், பதவி. பையில் ஒரு டார்ச், ஒரு அளவு நாடா, இரண்டு நீலப் பேனா போதும். இரண்டு என்றேன், ஏனென்றால் ஒன்றை ஏதாவது ஒரு டாக்டர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கையில் வினாடி முள் உள்ள வாட்ச். டிஜிட்டல் வாங்காதீர்கள், நாடியை எண்ணிக்கொண்டே வாட்சிலும் எண்ணைப் படித்தால் இரண்டும் குழம்பும்.