25 எழுத்து விடுபட்டால் இதயம் கெடுமா?

"இந்த நோய்க்கு இந்த ஜீன்தான் காரணம்" என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வருகிறது. படித்துவிட்டு நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஒரு ஜீனைக் குற்றவாளி என்று எப்படி முடிவு பண்ணுகிறார்கள்? நம்ம நாட்டு ஆட்களிடமே கண்டுபிடித்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

அதன் பெயர் எம்.ஒய்.பி.பி.சி.3. வாயில் நுழையாது, பரவாயில்லை. 11-வது குரோமோசோமில் இருக்கிறது. இதயத் தசை அளவோடு சுருங்க உதவும் ஒரு புரதத்துக்கு இதுதான் டிசைன் அட்டை. தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு அட்டையைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: ஜக்கார்டில் ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து மாட்டியிருப்பார்கள். எந்தப் பாவு இழை மேலே தூக்க வேண்டும் என்று அந்த ஓட்டைதான் சொல்லும். பார்டரில் மயில் வருமா, அன்னம் வருமா என்பது அட்டையிலேயே முடிவாகிவிடும். ஜீனும் அப்படித்தான். இந்த ஜீன் 1,274 அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு புரதம் செய்யச் சொல்கிறது.

இந்தியர்கள் சிலருக்கு இந்த ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் புரதத்தின் வால் பகுதி மாறிப்போகலாம். 2003-ல் இந்தியக் குடும்பங்களில் இதை முதலில் பார்த்தார்கள். 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் முதலானோர் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசை நோயாளிகளையும் நோய் இல்லாதவர்களையும் ஒப்பிட்டதில், விடுபட்டவர்களுக்கு ஆபத்து விகிதம் சுமார் 7 என்று வந்தது. நம் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இது இருக்கிறதாம். 50 பேர் உள்ள வகுப்பில் 2 பேர்!

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. தசை தடித்துப்போகும் பரம்பரை இதய நோய் 500 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது என்கிறார்கள். அதாவது 0.2 சதவீதம். 4 சதவீதம் எங்கே, 0.2 எங்கே? மீதிப் பேர் நல்லாத்தானே நடமாடுகிறார்கள்? வயதான பிறகுதான் நோய் தெரியும் என்பது ஒரு பதில். ஆனால் அது மட்டும் போதவில்லை.

2018-ல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களைப் பரிசோதித்தார்கள். 25 எழுத்து விடுபட்ட சிலருக்கு அதே ஜீனில் இன்னொரு இடத்திலும் மாற்றம் இருந்தது. இரண்டும் இருந்தவர்களுக்குத்தான் இதயம் அளவுக்கு மீறிச் சுருங்கியது. 2020-ல் வேறொரு குழு தசை தடிக்கும் நோயை மட்டும் எடுத்து மறுபடி கணக்குப் போட்டது. அவர்கள் பார்த்தது மூன்றாவது ஒரு மாற்றம். மிகச் சிலரிடம் அது 25 எழுத்தோடு சேர்ந்தே பரம்பரையாக வருகிறது. நோயாளிகளிடம் 25 எழுத்து அதிகமாகத் தெரிந்ததற்கு இந்தக் கூட்டாளிதான் காரணம் என்று தெரிந்தது. சேலையில் பிசிறு விழுந்தால் முதலில் கண்ணில் பட்ட அட்டையைத் திட்டுவோம், பழுது அதோடு கோத்த வேறு அட்டையில் இருக்கும். அதே கதைதான். 2009 ஆய்வு வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அட்டைக் கட்டை அவிழ்த்துப் பார்க்க வைத்ததே அதுதான்.

இதை ஏன் இவ்வளவு தேடினேன் என்றால், எங்க பெரியப்பாவுக்கு இதயத் தசை தடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். உடனே வீட்டில் ஒருத்தர், "எல்லாரும் ரத்தம் கொடுத்து ஜீனைப் பார்த்துடலாம்" என்றார். இன்னொருத்தர், "வெளியே தெரிஞ்சா அக்கா கல்யாணம் என்னாகிறது?" என்று பதறினார். டாக்டரோ பெரியப்பாவோடு பிறந்தவர்களும் அவர் பிள்ளைகளும் முதலில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுங்கள் என்றார். அப்பாவுக்கு எடுத்தாயிற்று. தசை சரியாக இருக்கிறது. சில வருடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். 25 எழுத்து மட்டும் விடுபட்டிருக்கிறது என்று ஒரு ரிப்போர்ட் வந்திருந்தால், அதை வைத்து யாருக்கு நோய் வரும் என்று சொல்லியிருக்க முடியாது, பயம்தான் மிச்சம்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். 2022-ல் அமெரிக்காவில் மாவாகாம்டென் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது இந்த ஜீனைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் வேலை செய்யும் மயோசின் என்ற புரதத்தைப் பிடித்து, இழுப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது. அடையாளம் காட்டும் ஜீன் ஒன்று, மருந்து போய்ப் பிடிக்கும் இடம் வேறொன்று! பழுதான இந்த ஜீனுக்குப் பதில் நல்ல பிரதியையே இதயத்துக்குள் அனுப்பும் சிகிச்சையை 2023-ல் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். இந்த ஜீனின் பழுதால் தசை தடித்தவர்களுக்கான சோதனை அது.