தோல் தோரணம், நெற்கதிர்க் குஞ்சம், குருவிக் கூடு: பொங்கலுக்கு 9 குறிப்புகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் இல்லாத தெரு குறைவு. கட்டிங்கில் மிஞ்சிய தோல் துண்டும் ஷூ வந்த அட்டைப்பெட்டியும் கிடைத்தால் வீட்டு அலங்காரத்தோடு குருவிக்கும் வழி செய்துவிடலாம்.

1. மாவிலை வடிவத்தை அட்டையில் வெட்டி, தோலின் பின்பக்கம் வைத்துக் கோடிழுங்கள், முன்பக்கம் கறைபடாது. விளிம்பிலிருந்து அரை அங்குலம் தள்ளித் துளை போட்டுச் சணல் கயிற்றில் கோத்தால் கிழியாது. தோரணத்தை அடுத்த வருடமும் கட்டலாம்.

2. சொல்யூஷன் போட்டு ஒட்டுவதானால் இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம்.

3. மிச்சத் துண்டுகளைப் போகி நெருப்பில் போடாதீர்கள். குரோம் கொண்டு பதனிட்ட தோல் எரிந்தால் அதிலுள்ள குரோமியம் நஞ்சாக மாறும், சாம்பலிலும் தங்கும்.

4. காப்புக் கட்ட ஆவாரம்பூவைக் கொத்தாகக் கிள்ளுங்கள், செடியைப் பிடுங்காதீர்கள். குரோம் வருவதற்கு முன் தோல் பதனிட உதவியது இந்தச் செடியின் பட்டைதான்.

5. நெற்கதிரைத் தாள் பச்சையாக இருக்கும்போதே பின்னிக் குஞ்சம் கட்டுங்கள். காய்ந்துவிட்டால் தாளில் மட்டும் தண்ணீர் தெளித்துப் பின்னினால் ஒடியாது. பூனை எட்டாத உயரத்தில் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் சிட்டுக்குருவி வந்து கொத்தும்.

6. ஷூ பெட்டியில் கூடு செய்யும்போது வாசல் துளை ஒன்றேகால் அங்குலம் போதும்; பெரிதானால் மைனா நுழைந்துவிடும். மழை படாத சன்ஷேடுக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேல், மின்விசிறிக்குத் தள்ளிக் கட்டுங்கள். குருவி குடியேறிய பின் திறந்து பார்க்காதீர்கள்.

7. அகலமான மண்தட்டில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல் வையுங்கள், சிறு குருவி அதில் நின்று குடிக்கும். தினமும் மாற்றினால் கொசு வராது.

8. காற்றாடிக்குப் பருத்தி நூல் மட்டும் போதும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுதும் தடை செய்தது. மரத்தில் சிக்கிய நூலையும் எடுத்துவிடுங்கள். பறவையின் இறக்கையை அறுப்பது பெரும்பாலும் அதுதான்.

9. 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டைமாடியோ பாலாற்றங்கரையோ வேலூர்க் கோட்டை அகழியோ, 15 நிமிடமாவது ஓரிடத்தில் நின்று கண்டதை எழுதி ஈபேர்ட் தளத்தில் பதிய வேண்டும். தொண்டையில் கறுப்பு இருந்தால் ஆண் சிட்டுக்குருவி. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு, சிவந்த கண்ணோடு இருந்தால் பெண் குயில். பெயர் தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள்.

இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகள் கையில் நோட்டும் பென்சிலும் கொடுத்து மாடிக்கு அனுப்பிப் பாருங்கள்.